பிடிப்பது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்: வைக்கிங் படையெடுப்பைப் புரியவைக்கும் ஒரு போர்டு கேம்

கி.பி. 878, ஜனவரி. கிறிஸ்துமஸ் விழாவின் 12 நாட்கள் முடிந்த கையோடு, தென்மேற்கு இங்கிலாந்தின் சிப்பன்ஹாம் என்ற ஊருக்குள் வைக்கிங் படை திடீரென நுழைகிறது. கடும் குளிர்காலம். யாரும் போரை எதிர்பார்க்காத நேரம். வெசெக்ஸ் நாட்டு மன்னர் ஆல்ஃப்ரட், சிறு கூட்டத்தோடு சோமர்செட் பகுதியின் சதுப்பு நிலக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்.

அன்றைய இங்கிலாந்தில் நான்கு பெரிய ராஜ்ஜியங்கள். நார்தம்பிரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா என மூன்று ஏற்கெனவே வீழ்ந்துவிட்டன. மிச்சமிருந்தது வெசெக்ஸ் மட்டும். இப்போது அதன் ராஜாவும் காட்டில். கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால், ஐந்தே மாதத்தில் அதே ஆல்ஃப்ரட் திரும்பி வந்து, வைக்கிங் தலைவர் குத்ரமைத் தோற்கடித்தார்.

13 வருடத்தில் மூன்று ராஜ்ஜியங்களை விழுங்கிய படைக்கு, நான்காவது மட்டும் ஏன் தொண்டையில் சிக்கியது?

இந்தக் கேள்வியை மேஜைமேல் வைத்து, பகடை உருட்டி விளையாட வைக்கிறது '878 வைக்கிங்ஸ்: இன்வேஷன்ஸ் ஆஃப் இங்கிலாந்து' என்ற போர்டு கேம். அகாடமி கேம்ஸ் நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. இதற்கு முன் ஒரு வார்கேம்கூட விளையாடாதவர்களுக்கும் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும் என்பதுதான் இதன் ஸ்பெஷல்.

வார்கேம் என்றாலே ஏன் பயம்?

போரை மேஜையில் ஆடிப் பார்ப்பது புதிய பழக்கம் இல்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இப்படி ஓர் ஆட்டத்தைப் பயன்படுத்தியது. கடையில் வாங்கி வீட்டில் விளையாடும் வார்கேம், 1954-ல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டிக்ஸ்' ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதன்பிறகு வந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், நகத்தளவு அட்டைத் துண்டுகள் நூற்றுக்கணக்கில், காலேஜ் பாடப் புத்தகம் மாதிரி ஒரு விதி நூல். புதிதாக வருபவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்.

பழங்காலப் படையெடுப்புகளைச் சொல்லும் ஆட்டங்களில் முன்னோடி என்றால் 1986-ல் வந்த 'பிரிட்டானியா'. லூயிஸ் பல்சிஃபர் வடிவமைத்தது. ரோமானியர் வருகையில் தொடங்கி நார்மன்கள் காலம் வரை, சுமார் 1,000 வருட பிரிட்டன் வரலாறு அதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒன்றல்ல, பல இனங்களை மாற்றி மாற்றி நடத்த வேண்டும். அருமையான ஆட்டம்தான். ஆனால், நான்கு பேர் இருந்தால்தான் சரியாக வரும். ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விடும்.

'878 வைக்கிங்ஸ்' அந்த 1,000 வருடத்திலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. இதே நிறுவனம் இதற்கு முன் '1812: தி இன்வேஷன் ஆஃப் கனடா', '1775: ரெபெல்லியன்' என்ற இரண்டு ஆட்டங்களில் பரிசோதித்த எளிய முறையை அப்படியே வைக்கிங் காலத்துக்குக் கொண்டுவந்தது. கணக்கு டேபிள் கிடையாது, பென்சில் பேப்பர் கிடையாது. பழகிய கைகள் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

யார் யார், என்ன நோக்கம்?

மேஜையில் இங்கிலாந்து வரைபடம். அது 'ஷயர்' எனப்படும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றில் நகரங்கள். கடைசியில் அதிக நகரங்களை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். நோக்கம் இவ்வளவுதான்.

இரண்டு முதல் நான்கு பேர் விளையாடலாம். எத்தனை பேராக இருந்தாலும் அணி இரண்டுதான். வைக்கிங் அணியில் இரண்டு பிரிவுகள்: 'நார்ஸ்மென்' என்ற சாதாரண வீரர்கள், 'பெர்சர்க்கர்' என்ற வெறிகொண்ட முன்னணிப் படை. ஆங்கிலேயர் அணியிலும் இரண்டு: அரசரின் சொந்தக் காவல்படையான 'ஹவுஸ்கார்ல்', வட்டாரப் பிரபுக்களான 'தேய்ன்'. நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒரு பிரிவு.

ஒரே அணியில் இருப்பவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். “நீ வடக்கப் பாத்துக்கோ, நான் லண்டன விட மாட்டேன்” என்ற ரேஞ்சில் மேஜை கலகலக்கும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி. விதி தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே கூட்டாளியாக உட்கார்ந்திருக்கிறார். தனியாக மாட்டிக்கொண்ட உணர்வு வராது.

யார் அடுத்து ஆடுவது என்பது சுற்றுக்குச் சுற்று மாறும். ஒரு பையிலிருந்து நிறத்தைக் கைவிட்டு எடுப்பார்கள். உங்கள் நிறம் வந்தால் உங்கள் முறை. இது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் வைக்கிங்குகள் இருவரும் அடுத்தடுத்து வந்துவிட்டால், இடையில் மூச்சுவிட நேரமில்லாமல் ஆங்கிலேயர் நொறுங்கிப்போவார்கள். அடுத்த சுற்றில் இதுவே தலைகீழாகவும் நடக்கலாம்.

நகர்வதற்கு கார்டுதான். கையில் இருக்கும் சில கார்டுகளில், எத்தனை படைகள் எவ்வளவு தூரம் போகலாம் என்று எழுதியிருக்கும். கார்டு சொல்வதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது. வழக்கமான முறையைச் சற்று நேரத்துக்கு மாற்றிப்போடும் நிகழ்ச்சி கார்டுகளும் உண்டு. முழு விதிப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையில் இருக்கும் கார்டைப் படித்தால் போதும்.

நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்கு ஒரு பலம், ஆட்டுக்கு வேறு பலம் இல்லையா? இங்கேயும் அதே தத்துவம். வைக்கிங்குகள் ஒரு தலைவரின் கீழ் திரளாக வந்து மோதுவார்கள். புதிய தலைவர்கள் புதிய படையோடு கடல் பக்கமிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். ஆங்கிலேயர்களோ பரவிக் கிடப்பார்கள். அவர்களுடைய பலம் எண்ணிக்கையும் பொறுமையும்.

பகடையில் எண் இல்லை, படம்தான்

இந்த ஆட்டத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பகடையில் என்று தயங்காமல் சொல்லலாம்.

பகடையில் 1 முதல் 6 வரை எண்கள் இருக்காது. மூன்று வகை முகங்கள்தான். முதலாவது 'வெட்டு': எதிரி வீரர் ஒருவர் காலி. இரண்டாவது 'ஓட்டம்': உங்கள் ஆளே பயந்து களத்தைவிட்டு ஓடிவிடுவார். மூன்றாவது 'தளபதி முடிவு': அந்த வீரரை அங்கேயே நிறுத்துவதா, பக்கத்தில் உள்ள நம் வட்டாரத்துக்குப் பின்வாங்க வைப்பதா என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

எண்ணைக் கூட்டிக் கழித்து அட்டவணையில் தேடும் வேலையே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அதைவிட முக்கியமான விஷயம், எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரி பகடை கிடையாது என்பது. பெர்சர்க்கர் பகடை அடிப்பதற்கென்றே செய்தது. அவசரத்துக்குத் திரட்டப்பட்ட விவசாயிகளின் பகடையை நம்பி ராத்திரி தூங்க முடியாது. பயிற்சி, பயம், துணிச்சல் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக விதி எழுதி விளக்காமல், ஆறு முகத்துக்குள் அடக்கிவிட்டார்கள். நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான்.

ஓடிப்போனவர் செத்தவர் அல்ல என்பதையும் கவனியுங்கள். அவர் தனியாக ஒரு பெட்டியில் காத்திருப்பார். அடுத்து ஆள் சேர்க்கும் கட்டத்தில் மறுபடி வந்து நிற்பார். அந்தக் காலப் போர்களில் கடைசி ஆள்வரை நின்று சாவது அரிது. வரிசை குலைந்ததும் பாதிப் பேர் வீட்டைப் பார்த்து ஓடுவார்கள், பிறகு கூப்பிட்டால் வருவார்கள். ஆல்ஃப்ரட் கதையின் திருப்புமுனையே இதில்தான் இருக்கிறது.

ஜெயிக்க ஜெயிக்கச் சுருங்கும் படை

முதல் சில சுற்றுகளில் வைக்கிங் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடற்கரையில் இறங்குவார், ஒரு நகரம், இன்னொரு நகரம் என்று போய்க்கொண்டே இருப்பார். ஆங்கிலேயர் அணி தலையில் கைவைத்துக்கொள்ளும்.

பிரச்சினை அடுத்துதான் ஆரம்பிக்கும். பிடித்த நகரத்தில் ஒரு காவல் வைக்க வேண்டும். ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனால், ஆங்கிலேயர் பகடையே உருட்டாமல் உள்ளே வந்துவிடுவார்கள். சரி என்று ஓர் ஆளை, இரண்டு ஆளை விட்டுவிட்டு நகர்ந்தால், முன்னேறும் படை அந்த அளவு மெலிந்துவிடும். ஐந்து நகரம் பிடித்த பிறகு பார்த்தால், தொடங்கும்போது மலை மாதிரி இருந்த படை கைப்பிடி அளவுக்கு வந்திருக்கும். வரைபடம் முழுக்க உங்கள் நிறம்தான். ஆனால் எங்கேயும் பலம் இல்லை.

வரலாற்றிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது.

வைக்கிங்குகள் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீது நடந்த தாக்குதல். வந்தார்கள், அடித்தார்கள், கப்பலேறிப் போனார்கள். 865-ல் வந்தது வேறு ரகம். கிழக்கு ஆங்கிலியாவில் இறங்கிய அந்தப் பெரும்படை ஊர் திரும்பவில்லை. அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தது. உள்ளூர்க்காரர்கள் சமாதானத்துக்காகக் குதிரைகளைக் கொடுத்தார்கள். அந்தக் குதிரைகளில் ஏறி அடுத்த வருடம் யார்க் நகரைப் பிடித்தது. நகரை மீட்க வந்த நார்தம்பிரியாவின் இரு அரசர்களும் 867-ல் கொல்லப்பட்டார்கள். 869-ல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 874-ல் மெர்சிய மன்னர் பர்க்ரெட் நாட்டை விட்டே ஓடி ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் நீண்ட காலமாகச் சண்டை. சில நூறு பேர்தான் இருக்கும் என்று 1960-களில் பீட்டர் சாயர் என்ற வரலாற்றாசிரியர் வாதிட்டார். ஆனால், 872-73 குளிர்காலத்தில் படை தங்கிய டார்க்ஸி என்ற இடத்தில் தொல்லியலாளர்கள் கண்டறிந்த முகாம் சுமார் 55 ஹெக்டேர், அதாவது 135 ஏக்கருக்கும் மேல். நூறு இருநூறு பேர் தங்க அவ்வளவு இடம் எதற்கு? ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பதே இப்போது வலுவான கருத்து.

அவ்வளவு பெரிய படை என்ன ஆனது? 874-ல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதியை ஹால்ஃப்டன் வடக்கே கூட்டிப்போனார். மற்றொரு பகுதி குத்ரம் உள்ளிட்ட தலைவர்களோடு தெற்கே வந்தது. 876-ல் ஹால்ஃப்டன் நார்தம்பிரிய நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார். அவர்கள் உழ ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு பதிவுசெய்திருக்கிறது. 877-ல் மெர்சியாவின் ஒரு பகுதியும் இதேபோல் பங்கிடப்பட்டது. கையில் நிலம் வந்த பிறகு, மறுபடி வாளைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்க யாருக்கு மனசு வரும்?

அதனால் 878-ல் சிப்பன்ஹாமுக்குள் நுழைந்த குத்ரமின் பின்னால் இருந்தது 865-ன் பெரும்படை அல்ல. அதன் மிச்சம். வெசெக்ஸ் தப்பித்ததற்கு ஆல்ஃப்ரடின் வீரம் ஒரு காரணம் என்றால், வைக்கிங்குகளின் பழைய வெற்றிகள் இன்னொரு காரணம். பள்ளிப் பாடத்தில் முதலாவது மட்டும்தான் வரும். இந்த ஆட்டத்தை வைக்கிங் பக்கமிருந்து ஒருமுறை ஆடினால், இரண்டாவது தானாகப் புரியும்.

கூப்பிட்டால் வரும் விவசாயிகள்

ஆங்கிலேயர் அணியிடம் ஒரு ரகசியக் கை இருக்கிறது. அதன் பெயர் 'ஃபிர்டு'. வட்டாரத்து விவசாயிகளைத் திரட்டிய மக்கள் படை. வைக்கிங் ஒரு நகரத்தைத் தாக்க வரும்போது ஆங்கிலேயர் ஃபிர்டு கார்டு ஒன்றை எடுப்பார். எத்தனை பேர் தடியோடும் ஈட்டியோடும் வந்து நிற்கிறார்கள் என்பது கார்டைத் திருப்பினால்தான் தெரியும். சில நேரம் கைவிரல் அளவுகூட இருக்காது. சில நேரம் சுலபமான நகரம் என்று நினைத்து வந்த வைக்கிங் தளபதி வாயடைத்துப்போவார்.

இதில் மிகை எதுவும் இல்லை. 878-ன் தொடக்கத்தில் இன்னொரு வைக்கிங் படை 23 கப்பல்களில் டெவன் கரையில் இறங்கியது. ஐவர், ஹால்ஃப்டன் ஆகியோரின் சகோதரர் அதற்குத் தலைவர். உள்ளூர் ஆட்கள் ஒரு பழைய கோட்டையில் அடைந்துகொண்டார்கள். பட்டினி போட்டே பணியவைக்கலாம் என்று வைக்கிங்குகள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து, தலைவரையும் சேர்த்து 800 பேருக்கு மேல் கொன்றதாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அந்தக் கால எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால், ராஜா காட்டில் ஒளிந்திருந்தபோது ராஜா இல்லாமலே ஒரு வட்டாரம் எழுந்து நின்றது என்பது உண்மை.

ஆல்ஃப்ரட் அந்தக் காட்டில், ஏதல்னி என்ற மேட்டில் ஓர் அரணைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து சிறு சிறு தாக்குதல் நடத்தினார். அடுப்பில் இருந்த ரொட்டியைக் கவனிக்காமல் கருகவிட்டு, குடிசைக்காரப் பெண்ணிடம் திட்டு வாங்கினார் என்ற பிரபலமான கதை இந்த இடத்தைப் பற்றியதுதான். அது பிற்காலச் சேர்க்கை. ஈஸ்டர் முடிந்த ஏழாவது வாரம், சோமர்செட், வில்ட்ஷயர், ஹாம்ப்ஷயரின் ஒரு பகுதி ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஆட்டத்தின் மொழியில் சொன்னால், ஓடிப்போனவர்கள் பெட்டியிலிருந்து திரும்பி வந்தார்கள். இரண்டு நாளில் எடிங்டன் என்ற இடத்தில் போர். குத்ரம் தோற்றுக் கோட்டைக்குள் புகுந்தார். 14 நாள் முற்றுகை. குளிரும் பசியும் தாங்காமல் சரணடைந்தார்.

எப்போது முடிப்பது? அதுவும் உங்கள் கையில்

பொதுவாக போர்டு கேம்களில் 'இத்தனை சுற்று முடிந்தால் ஆட்டம் ஓவர்' என்று இருக்கும். இங்கே ஒரு ட்விஸ்ட். ஒவ்வொரு பிரிவின் கார்டுக் கட்டிலும் 'வெட்மோர் ஒப்பந்தம்' என்ற கார்டு இருக்கும். குறிப்பிட்ட கட்டத்துக்குப் பிறகு, ஓர் அணியின் கூட்டாளிகள் இருவரும் அதைப் போட்டுவிட்டால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும். அந்த நேரத்தில் யாரிடம் நகரம் அதிகமோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

அந்த கார்டு மற்ற கார்டுகளைப் போல நகர்வதற்கும் பயன்படும் என்பதுதான் தலைவலி. இப்போது போட்டால் வேகமாக நகரலாம். ஆனால் ஆட்டம் முடியும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். வைக்கிங் முன்னணியில் இருக்கிறார் என்றால் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். ஆங்கிலேயர் இழுத்தடிப்பார்கள். யார் கையில் அந்த கார்டு இருக்கிறது, போடுவாரா மாட்டாரா என்ற சந்தேகத்திலேயே கடைசி அரைமணி நேரம் சூடேறிவிடும்.

உண்மையான வெட்மோரில் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. சரணடைந்து மூன்று வாரம் கழித்து, குத்ரம் தன் முக்கிய ஆட்கள் 30 பேரோடு ஆலர் என்ற ஊருக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றார். ஞானத் தந்தையாக நின்றவர் ஆல்ஃப்ரட். மீதிச் சடங்கு வெட்மோரில் நடந்தது. 12 நாள் விருந்து. இன்று நம்மிடம் இருக்கும் ஆல்ஃப்ரட்-குத்ரம் எல்லை ஒப்பந்தம் சில வருடங்கள் கழித்து எழுதப்பட்டது. தேம்ஸ், லீ, ஊஸ் ஆறுகளையும் வாட்லிங் தெரு என்ற பழைய ரோமானியச் சாலையையும் வைத்து அது எல்லை பிரிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சகஜம். ஆட்டப் பெட்டியும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைப்பதாகத் தெரியவில்லை.

முதல்முறை உட்காருபவர்களுக்கு

நான்கு பேர் சேர்ந்தால்தான் இந்த ஆட்டம் முழு ருசி. இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டு பிரிவு. வேலை நடக்கும், ஆனால் கூட்டாளியோடு குசுகுசுவெனப் பேசும் சுகம் போய்விடும்.

இரண்டு புதியவர்களை ஒரே அணியில் போடாதீர்கள். அணிக்கு ஒருவர் என்று பிரித்து உட்காரவையுங்கள். ஆங்கிலேயர் பக்கம் ஆடும் புதியவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: முதல் இரண்டு மூன்று சுற்று அடி வாங்குவது மட்டும்தான் வேலை. இது தெரியாமல் உட்கார்ந்தால் “என்னடா இது, தோக்கறதுக்கா கூப்பிட்ட” என்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எல்லா நகரத்தையும் காப்பாற்ற நினைப்பதுதான் ஆங்கிலேயர் செய்யும் முதல் தப்பு. சிலவற்றை விட்டுக்கொடுத்து, வைக்கிங் படை விரிந்து மெலியும்வரை ஆட்களைச் சேர்த்துவைப்பவர்தான் கடைசியில் திருப்பி அடிப்பார்.

வைக்கிங் பக்கம் என்றால், பிடிக்க முடியும் என்பதற்காக எதையும் பிடிக்காதீர்கள். இன்னும் இரண்டு சுற்று கழித்தும் இந்த ஊரில் நிற்க ஆள் இருக்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

குறை இல்லாத ஆட்டமும் இல்லை. பகடை ஒருவரை விடாமல் துரத்தும் நாட்கள் உண்டு. பையிலிருந்து வரும் முறை வரிசையும் சேர்ந்துகொண்டால், எவ்வளவு யோசித்து ஆடினாலும் தோல்விதான். செஸ் மாதிரி எல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. கார்டில் உள்ள நிகழ்ச்சிகளை முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாகப் படித்துப் புரிந்துகொள்ளவும் நேரம் எடுக்கும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால், முதல்முறை பத்து மணி ஆகிவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிடித்துப்போனால் அடுத்த படி? ஒரே ஒரு போர்க்களத்தை நெருக்கத்தில் பார்க்க 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' இருக்கிறது, ரோம், கார்த்தேஜ் போர்கள். பெரிய கேன்வாஸ் வேண்டுமென்றால் மேலே சொன்ன 'பிரிட்டானியா'. அதே பாணியை இந்திய வரலாற்றுக்குப் பொருத்திய 'மகாராஜா' என்ற ஆட்டம் 1994-ல் வந்தது.

ஆட்டம் சொல்லாமல் விட்டது

வரலாற்றைத் தெரிந்துகொள்ள இது ஒரு நல்ல வாசல். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

'ஹவுஸ்கார்ல்' என்ற பெயரே இந்தக் காலத்துக்குரியது இல்லை. 11-ம் நூற்றாண்டில், கனூட் மன்னர் காலத்தில்தான் அது இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. பெர்சர்க்கர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பல தலைமுறை கழித்து ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட கதைகளிலிருந்து வருவது. அப்படி ஒரு தனிப் படைப்பிரிவு இங்கிலாந்தில் வந்து இறங்கியதற்கு ஆதாரம் இல்லை. (கொம்பு வைத்த தலைக்கவசமும் அப்படித்தான். வைக்கிங்குகள் அதை அணிந்ததே இல்லை.)

பெரிய விடுபடல் வேறொன்று. மேஜையில் இருப்பவர்கள் எல்லோரும் சண்டை போடுபவர்கள். உண்மையில் இந்தப் படையெடுப்பின் முக்கிய வருமானங்களில் ஒன்று அடிமை வியாபாரம். பிடிபட்டவர்கள் சந்தையில் விற்கப்பட்டார்கள். நகரம் கைமாறும்போது நீங்கள் ஒரு காயை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு அன்றிரவு என்ன ஆனது என்பதற்கு கார்டு கிடையாது.

மறுபக்கமும் அப்படித்தான். ஆட்டத்தில் வைக்கிங் என்றால் வந்து அடிப்பவர், அவ்வளவுதான். ரெப்டன் என்ற இடத்தில் படை தங்கிய முகாமை ஒட்டி, குறைந்தது 264 பேரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆணா பெண்ணா என்று அடையாளம் காண முடிந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் பெண். டார்க்ஸி முகாமில் நூல் நூற்கும் தக்களியின் குண்டுகளும், வியாபாரிகளின் எடைக்கற்களும் கிடைத்திருக்கின்றன. வந்தது படை மட்டும் அல்ல. பின்னாலேயே ஒரு நடமாடும் ஊரும் வந்திருக்கிறது. அவர்கள் குடியேறிய ஊர்கள் இன்றும் டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி' சேர்ந்த பெயரோடு இருக்கின்றன. அவர்கள் மொழியில் 'பி' என்றால் ஊர். ஆபீஸ் மெயிலில் தினமும் தட்டும் 'தே' என்ற பிரதிப்பெயரும், 'ஸ்கை', 'எக்', 'நைஃப்', 'விண்டோ' போன்ற சொற்களும் ஆங்கிலத்துக்கு அவர்கள் கொடுத்ததுதான்.

ஆல்ஃப்ரடும் எடிங்டனோடு சும்மா இருந்துவிடவில்லை. ஃபிர்டை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் படையில், பிறகு மாற்றிக்கொள்வார்கள். வெசெக்ஸ் முழுக்க 'பர்' எனப்படும் அரண் சூழ்ந்த ஊர்களின் வலைப்பின்னல் உருவானது. சுமார் 30 ஊர்கள், காவலுக்கு ஏறத்தாழ 27,000 பேர் என்று 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஓர் ஆவணம் கணக்குக் கொடுக்கிறது. சுவரின் நீளத்தை வைத்து எத்தனை ஆட்கள், அதற்கு எவ்வளவு நிலம் பொறுப்பு என்று கணக்குப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். 892-ல் மற்றொரு பெரிய வைக்கிங் படை வந்தபோது, நான்கு வருடம் அலைந்தும் அதனால் வெசெக்ஸில் காலூன்ற முடியவில்லை. 896-ல் அது கலைந்துபோனது.

குத்ரம்? ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஏதெல்ஸ்டன் என்று ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். கிழக்கு ஆங்கிலியாவுக்குத் திரும்பி, 890-ல் இறக்கும்வரை அங்கே அரசராக இருந்தார். அங்கே அவர் வெளியிட்ட நாணயங்களில் குத்ரம் என்ற பெயர் இல்லை. ஏதெல்ஸ்டன் என்றுதான் அச்சிட்டிருக்கிறார்.